கழுத்திலே ஓர் அட்டை!

'அட்டை' என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று, தாளினும் தடித்த தகடு. மற்றொன்று, மழைக்காட்டுச் சருகிலே ஒளிந்திருந்து, வழிநடப்போர் காலிலே ஒட்டிக்கொண்டு, வலியே தோன்றாவண்ணம் குருதியைக் குடித்துக் கொழுத்திடும் உயிர். முன்னது பயன்படும்; பின்னது பற்றிக்கொள்ளும். பல்கலைக்கழக வாயில்தோறும் இன்று மாணவர் கழுத்திலும் ஆசிரியர் கழுத்திலும் தொங்கிடும் அடையாள அட்டை, இவ்விரண்டில் எந்த அட்டை? இதுதான் நாம் எழுப்பும் வினா.

வினாவைக் கேட்டதுமே விழியை உருட்டுவர் சிலர். "அட்டையே கூடாது என்கிறீரா? கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறீரா? நூலகத்து நூல்களெல்லாம் களவு போகட்டும் என்பதா உங்கள் கொள்கை?" என்று கேட்பர், கோப்புகளுக்கிடையே குடியிருக்கும் நிர்வாகப் பெருமக்கள்.

இல்லை, ஐயன்மீர், இல்லை! நூல் வாங்கிச் சென்றவர் யார் என்று நூலகம் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். தேர்வு மண்டபத்திலே அமர்ந்திருப்பவர் உரியவர்தானா என்று பார்த்திடத்தான் வேண்டும். பேருந்திலே சலுகை பெற மாணவன் கையிலே சான்று வேண்டும். நச்சு மருந்துகள் நிறைந்த ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு வேண்டும். பூட்டுக்குச் சாவி வேண்டும். இத்தனைக்கும் ஓர் அட்டை தேவை. தேவையை நாம் மறுத்தோமில்லை. தேவை என்ற பெயராலே தேவைக்கு மேலே தேடுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம். சாவி கேட்ட கைக்கு விலங்கு பூட்டுகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

மாணவன் என்ற அடையாளம் எதற்காகப் பிறந்தது? வரலாற்றைப் புரட்டுவோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு. இத்தாலியிலே பொலோனா நகரம். சட்டம் பயிலத் தொலைதூர நாடுகளிலிருந்து இளைஞர்கள் அங்கே திரண்டனர். அந்நாளிலே ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வெளிநாட்டான் ஒருவன் கடன் பட்டு ஓடிவிட்டால், அவன் நாட்டைச் சேர்ந்த வேறு எவன் அகப்பட்டாலும் அவனைப் பிடித்துக் கடனைக் கறப்பர். யாரோ பட்ட கடனுக்கு ஏட்டைத் தேடி வந்த ஏழை இளைஞன் ஈடாக வேண்டும்! இந்த அநீதியைத் தடுக்க 1158-ஆம் ஆண்டிலே பேரரசன் பிரெடரிக் பார்பரோசா 'ஹபிதா' என்று அழைக்கப்படும் ஆணையை நிலைநாட்டினான். கல்வி தேடிப் பயணம் செய்வோருக்குப் பாதுகாப்பு உண்டு. பிறர் கடனுக்காக அவர்களைப் பற்றக்கூடாது. அவர்கள்மீது வழக்கு எழுந்தால், தம் ஆசிரியர் முன்போ ஆயர் முன்போ விசாரிக்கப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதுதான் அந்த ஆணையின் சாரம்.

பல்கலைக்கழகப் பதிவேட்டுக்கு இலத்தீன் மொழியிலே 'மத்ரிகுலா' என்று பெயர். நம்மூர்த் தெருக்களிலே 'மெட்ரிகுலேஷன்' என்று பலகை தொங்குகிறதே, அச்சொல் அந்தப் பதிவேட்டின் பேரப்பிள்ளை! அந்தப் பதிவேட்டிலே பெயர் ஏறிவிட்டால் அவன் தனியன் அல்லன்; ஒரு கழகத்தின் உறுப்பினன். அவன்மீது கை வைப்போன் கழகத்துக்கு விடை சொல்ல வேண்டும். மாணவ அடையாளம் என்பது பிறந்தபோது கேடயமாகப் பிறந்தது. அது கயிறாக மாறியது எப்படி?

கேடயம் கயிறாக மாறுவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. ஒரு ரப்பர் முத்திரை போதும்! போலந்து நாட்டு வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது.

1930-களிலே போலந்துப் பல்கலைக்கழகங்களிலே இனவெறி கொண்ட மாணவர் கூட்டங்கள் கூச்சலிட்டன: யூத மாணவர்கள் எம்மோடு சமமாக அமரக்கூடாது, அவர்களுக்குத் தனி விசுப்பலகை வேண்டும் என்று! பந்தியிலே தனி இலை, தேநீர்க் கடையிலே தனிக் குவளை என்று கண்டு கண்டு புண்பட்ட நம் நெஞ்சுக்கு இந்தக் கூச்சல் புதிதன்று. 1935-இல் லுவோவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி இதற்கு முதலில் தலைசாய்த்தது. 1937 அக்டோபரிலே வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவர் ஆணையிட்டார். ஏனைய கழகங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

ஆணையை நிறைவேற்ற அவர்கள் என்ன செய்தனர்? தடியெடுத்தனரா? முதலில் அதுவுமில்லை. ஒவ்வொரு மாணவனிடமும் ஓர் ஏடு இருந்தது. அவன் பெயரும் பாடமும் மதிப்பெண்ணும் பொறித்த மாணவர் ஏடு. அவன் இன்னார் என்று காட்டும் சான்று. அந்த ஏட்டை வாங்கினர், முத்திரை குத்தினர். 'ஒற்றைப்படை விசுப்பலகைகளிலே இடம்' என்பது அந்த முத்திரை. அவ்வளவுதான்! எழுத்தர் ஒருவர், மேசை ஒன்று, மைப்பெட்டி ஒன்று. இழிவு, அலுவலக நடைமுறை ஆகிவிட்டது! அநீதிக்கு வரிசை எண் கிடைத்துவிட்டது!

ஆனால், தோழர்களே, அந்த மாணவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? அமர மறுத்தனர்! ஒதுக்கிய இடத்திலே அமர்வதைவிட நின்றுகொண்டே பாடம் கேட்பது மேல் என்று சுவரோரம் நின்றனர். ஏளனம் செய்தனர், அடித்தனர், அவர்களோ நின்றனர். மெய்யியல் பேராசிரியர் கொத்தர்பின்ஸ்கி, என் மாணவர் சிலர் நிற்கும்போது எனக்கு இருக்கை எதற்கு என்று தாமும் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். லுவோவ் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த தாவரவியல் அறிஞர் ஸ்தனிஸ்லாவ் குல்சின்ஸ்கி, பிரித்து உட்கார வைக்கும் ஆணையிலே கையொப்பமிட மறுத்து, 1938 ஜனவரியிலே பதவியைத் துறந்தார். கையொப்பமிட்டுப் பதவியைக் காத்தவர்களின் பெயரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கையொப்பமிட மறுத்தவர் பெயர் நிற்கிறது. நின்று பாடம் சொன்னவர் பெயர் நிற்கிறது!

இந்த வரலாற்றை எதற்காக எடுத்துரைக்கிறோம்? இன்றைய துணைவேந்தரெல்லாம் இனவெறியர் என்று சொல்வதற்காகவா? அன்று, அன்று! அட்டையிலே எப்போதும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஆட்சியிலே இருப்பவர் கை அந்த வெற்றிடத்திலே எதை வேண்டுமானாலும் எழுதும் என்பதைக் காட்டுவதற்காக. இன்றைக்கு நல்லவர் கையிலே இருக்கும் ஏடு, நாளைக்கு எவர் கைக்குப் போகும் என்று யார் உறுதி கூறுவார்? ஆகவே, அட்டையிலே எது எழுதப்படலாம் என்பதைவிட, எது எழுதப்படவே கூடாது என்பதுதான் முதற்கேள்வி.

"எங்கள் அட்டையிலே சாதி இல்லையே!" என்பர். இல்லைதான்; அச்சிலே இல்லை. ஆனால் நம் நாட்டு மேதாவிகள் எழுதாததையும் படிக்கும் வித்தை கற்றவர்கள்! நுழைவுத் தேர்விலே நீ எத்தனையாவது இடம் என்று ஒருவன் கேட்கிறான். விடையை வைத்து, இவன் எந்த ஒதுக்கீட்டிலே வந்தவன் என்று கணக்குப் போடுகிறான். 2023-இலே பம்பாய் ஐ.ஐ.டி. நிறுவனமே, சக மாணவரின் நுழைவுத் தேர்வு இடத்தைக் கேட்பது முறையன்று, அது சாதியைத் துருவும் முயற்சியாகத் தோன்றக்கூடும் என்று நெறிமுறை வகுக்க நேர்ந்தது. ஓர் எண், வெறும் எண், அதற்குள்ளே சாதி ஒளிந்திருக்கிறது! எண்ணுக்கு ஏது நஞ்சு என்று கேட்போர் இதற்கு விடை கூறட்டும்.

எண்ணைப் பற்றிப் பேசினோம். அமெரிக்க நாட்டு எண் கதையையும் சற்றுக் கேளுங்கள்.

அங்கே 1936 முதல் தொழிலாளருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒன்று வழங்கினார்கள். முதுமைக்கால உதவிக்காக, ஊதியக் கணக்கைக் குறித்து வைப்பதற்காக, அதற்காக மட்டும் பிறந்த எண் அது. பல்கலைக்கழகங்கள் பார்த்தன: ஆகா, ஆளுக்கொரு எண் ஆயத்தமாக இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு என்று அதையே மாணவர் எண்ணாக்கின. அட்டையிலே அச்சிட்டன, மதிப்பெண் பட்டியலோடு ஒட்டின. வங்கியும் அதே எண்ணைக் கேட்டது. கடன் கொடுப்பவனும் அதே எண்ணைக் கேட்டான். ஒரே சாவி, ஊரிலுள்ள எல்லாப் பூட்டுக்கும்!

விளைவு? 2003-இலே ஆஸ்டின் நகர டெக்சஸ் பல்கலைக்கழகத்துக் கணினியிலிருந்து ஏறத்தாழ 55,000 பேருடைய எண்கள் களவு போயின. 2006-இலே லாஸ் ஏஞ்சலீசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம், ஏறக்குறைய 8,00,000 பேரின் விவரங்கள் அடங்கிய கிடங்கிலே கள்ளர் புகுந்துவிட்டனர் என்று அறிவித்தது. படித்துக்கொண்டிருந்தவர் மட்டுமா? படித்து முடித்துப் போனவர், பணியாற்றியவர், இடம் கேட்டு விண்ணப்பம் போட்டவர்கூட அந்தப் பட்டியலிலே இருந்தனர். வாசற்படி ஏறாதவனுடைய விவரத்தையும் வைத்திருந்தார்கள், காக்கத்தான் தெரியவில்லை! பின்னர்தான் பல கழகங்கள் விழித்தெழுந்து தமக்கெனத் தனி எண் வகுத்தன. பிறர் பட்டறிவைப் பார்த்துத் திருந்துவது அறிவு. அவர்கள் துப்பியதை எடுத்து நாம் விழுங்குவதற்கு என்ன பெயர்?

"பழைய கதை! இப்போது அட்டைக்குள்ளே சிப் இருக்கிறது, தொட்டால் கதவு திறக்கும், எவராலும் உடைக்க முடியாது" என்று விற்பனையாளர் வந்து விளக்குவார். துணைவேந்தர் தலையசைப்பார். ஒப்பந்தம் கையொப்பமாகும்.

உடைக்க முடியாத அட்டை ஒன்று இருந்தது. 'மைஃபேர் கிளாசிக்' என்பது அதன் பெயர். 1990-களின் நடுவிலே சந்தைக்கு வந்து, கோடி கோடியாக விற்று, ரயிலிலும் அலுவலகத்திலும் கல்விக்கூடங்களிலும் கதவு திறந்தது. அதன் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை நிறுவனம் மறைத்தே வைத்திருந்தது. மறைப்பதுதான் காப்பு என்று நம்பியது. 2008-இலே நெதர்லாந்து நாட்டு நைமேகன் நகர ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த அட்டையை நகலெடுக்க முடியும் என்று காட்டினர். நிறுவனம் என்ன செய்தது? அட்டையைத் திருத்துவதற்கு முன்பு ஆய்வாளர் வாயை அடைக்க நீதிமன்றம் ஓடியது! ஆய்வுரையை வெளியிடத் தடை கேட்டது. 2008 ஜூலையிலே ஆர்னெம் நீதிமன்றம் தடை தர மறுத்தது. கேடு வருவது உண்மையை எழுதியதாலன்று, குறையுள்ள பொருளைச் செய்து விற்றதால் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இதிலே இரண்டு பாடம் உண்டு. பூட்டின் அமைப்பு ஊரறிந்தாலும் சாவி இல்லாதவனால் திறக்கக் கூடாது, அதுவே நல்ல பூட்டு என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்ற பேராசிரியர் எழுதிவிட்டார். அதை மறந்து மறைவை நம்பியவர் மண்ணைக் கவ்வினர் என்பது ஒன்று. அட்டையை ஆராய்ந்து குறையைச் சொன்னது ஒரு பல்கலைக்கழகம் என்பது மற்றொன்று. பல்கலைக்கழகத்தின் கடமை அதுதான்! விற்பனையாளன் சொன்னதை வேதவாக்காகக் கொண்டு மாணவன் கழுத்திலே மாட்டுவதா அறிவாலயத்தின் பணி? ஐயுறுவதும் ஆராய்வதும் அன்றோ அதன் பணி!

அட்டை உடைபடுகிறது என்பதுகூடச் சிறு குறை. உடைபடாமல், ஒழுங்காக, ஓயாமல் வேலை செய்கிறதே, அங்கேதான் பெருங்குறை! விடுதி வாயிலிலே தொட்டால் ஒரு பதிவு. உணவுக்கூடத்திலே தொட்டால் ஒரு பதிவு. நூலகத்திலே, ஆய்வுக்கூடத்திலே, வகுப்பறையிலே, தொட்ட இடமெல்லாம் எண், இடம், நேரம் என்று எங்கோ ஒரு கணினியிலே வரி வரியாக ஏறுகிறது. ஒரு பருவம் முடிந்ததும் அந்த வரிகளைக் கோத்துப் பாருங்கள்: இவன் என்று பட்டினி கிடந்தான், எவரோடு சேர்ந்து உள்ளே வந்தான், எந்தக் கூட்டம் நடந்த மாலையிலே விடுதிக்குத் தாமதமாகத் திரும்பினான் என்பதெல்லாம் தெரியும். ஒற்றன் வேண்டியதில்லை; ஊதியம் வேண்டியதில்லை; ஒற்றனை அவனே கழுத்திலே சுமந்து திரிகிறான்!

இதிலே பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆண்கள் விடுதியிலே நள்ளிரவிலும் திறந்திருக்கும் கதவு, பெண்கள் விடுதியிலே அந்தி சாய்ந்ததும் அடைபடும். நூலகம் இரவெல்லாம் திறந்திருக்கிறதாம். அவளுக்கு மட்டும் இல்லையாம்! 2015-இலே டில்லி மாணவியர் 'கூண்டை உடை' என்ற பொருள்படும் 'பிஞ்ச்ரா தோட்' என்ற பெயரால் இயக்கம் தொடங்கினர். கூண்டு என்ற சொல்லை அவர்கள் விளையாட்டுக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அட்டை பேதம் பார்ப்பதில்லை என்பர். உண்மை, பேதம் பார்ப்பவர் கையிலே அது பிசகாத கருவி! முன்பு வார்டன் அம்மையார் கண் அயர்ந்தால் ஒருத்தி தப்பலாம். இயந்திரத்துக்குக் கண் அயர்வதேது?

இத்தனை ஆற்றலும் அதிகாரமும் படைத்த இந்த அட்டை, மாணவனுக்காகப் பேச வேண்டிய இடத்திலே பேசுகிறதா? அதையும் பார்ப்போம்.

டெக்சஸ் மாநிலம் 2011-இலே ஒரு சட்டம் செய்தது. வாக்களிக்க வருவோர் படம் பொறித்த அடையாளச் சான்று காட்ட வேண்டும் என்றது. எந்தெந்தச் சான்று ஏற்கப்படும்? கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் இருக்கிறதா, வாருங்கள், வாக்களியுங்கள்! பல்கலைக்கழக மாணவர் அட்டை இருக்கிறதா? அரசே நடத்தும் பல்கலைக்கழகம் தந்ததா? ஆயினும் செல்லாது! நீதிமன்றங்களிலே வழக்குகள் நடந்தன. 2017-இலே சட்டத்தைச் சற்று மாற்றினர். வேறு சான்றில்லாதவர் காரணம் கூறி உறுதிமொழி எழுதித் தரலாம் என்றனர். ஆனால் மாணவர் அட்டைக்குப் பட்டியலிலே இடம் கிடைக்கவில்லை. ஐடஹோ மாநிலம் அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த மாணவர் அட்டையை 2023-இலே நீக்கியது. இந்தியானா 2025-இலே நீக்கியது. ஏற்கும் மாநிலங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 18 வயதுக்கு வாக்குரிமை என்று 1971-இலே அரசியல் சட்டத்தைத் திருத்திய நாடு அது! துப்பாக்கி ஏந்தியவன் யார் என்று தெரிகிறதாம். புத்தகம் ஏந்தியவன் யார் என்று தெரியவில்லையாம்!

கட்டுப்படுத்த வேண்டுமா, அட்டை செல்லும். உரிமை தர வேண்டுமா, அட்டை செல்லாது. உண்ணும் சோற்றைக் கணக்கெடுக்கப் போதுமான சான்று, வாக்குச் சீட்டைப் பெறப் போதாத சான்று! எந்த அட்டை என்று தொடக்கத்திலே கேட்டோமே, விடை புலப்படத் தொடங்குகிறதல்லவா?

அயல்நாட்டை ஆராய்ந்தது போதும். நம் வீட்டுக்கு வருவோம்.

2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கிலே தீர்ப்புரைத்தது. ஆதார் திட்டம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். கூறிய அவர்களே, நீட் தேர்வுக்கும், பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க உரிமை இல்லை என்றும் உரைத்தனர். தீர்ப்பு வந்து ஐந்தாண்டு கழித்து, 2023 செப்டம்பரிலே மானியக் குழு பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டியிருந்தது. எதற்காக? பட்டச் சான்றிதழிலே மாணவனின் முழு ஆதார் எண்ணை அச்சிடக்கூடாது என்று சொல்வதற்காக! சட்டத்துறை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டத்தை மடல் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பதா, சினப்பதா?

இதற்கிடையே புதிய எண் ஒன்று புறப்பட்டது. 'ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம்' என்ற முழக்கத்தோடு, 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் கொடையாக, 12 இலக்கம் கொண்ட எண். 'அபார்' என்பது பெயர். பெயர் அபாரந்தான்! பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை மாணவன் பெற்ற மதிப்பெண்ணும் சான்றிதழும் அந்த எண்ணின்கீழ் அடுக்கப்படும், ஆதாரோடு பிணைக்கப்படும், 'டிஜிலாக்கர்' என்ற மின்பெட்டகத்திலே வைக்கப்படும். ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்துக்கு மாறும் மாணவன் தாள்களைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. பயன் உண்டு என்பதை நாமும் ஒப்புகிறோம். விரும்பினால் சேரலாம், பெற்றோர் ஒப்புதல் தர வேண்டும் என்பதும் ஏட்டிலே இருக்கிறது.

ஏட்டிலே இருப்பது நாட்டிலே நடக்கிறதா? 2024 டிசம்பரிலே 'அபார்' நாள் என்றே பெயர் சூட்டி, எண்ணிக்கையைப் பெருக்க முனைந்தனர். எத்தனை பேர் சேர்ந்தனர் என்று மேலிடம் கேட்கும்போது, எத்தனை பேர் விரும்பினர் என்று கீழிடம் கேட்குமா? கூலி வேலைக்குப் போகும் தாய், தலைமையாசிரியர் நீட்டிய தாளிலே கையொப்பமிடுகிறாள். அது ஒப்புதலா? மறுத்தால் மகனுக்குக் கேடு வருமோ என்று அஞ்சி இடும் கையொப்பத்துக்கு ஒப்புதல் என்று பெயர் வைத்தால், பணிவுக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்!

இன்னொன்றும் உண்டு, அது தமிழருக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, பின்னர் நம் பெயர், முடிந்தது. பெயருக்குப் பின்னே சாதிவால் ஒட்டியிருந்த காலம் உண்டு. 1929-இலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு அந்த வாலை அறுத்தெறிய வேண்டும் என்று தீர்மானித்தது. அறுத்தெறிந்தோம். இன்று கணினி கேட்கிறது: குடும்பப் பெயர் என்ன? கட்டத்தை வெறுமையாக விட்டால் ஏற்க மறுக்கிறது. செல்வம் என்றொரு மாணவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சான்றிலே அவன் 'எம். செல்வம்'; மற்றொன்றிலே 'செல்வம் எம்.', மூன்றாவதிலே 'செல்வம் முருகன்', தந்தையின் பெயர் வாலாகிவிட்டது! மூன்றும் ஒருவன்தான் என்று ஊருக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. பெயர் பொருந்தவில்லை என்கிறது. உதவித்தொகை நிற்கிறது, அவன் அலுவலகம் அலுவலகமாக அலைகிறான்.

எவருடைய வழக்கத்தை அளவுகோலாக வைத்து அந்தக் கட்டங்களை வரைந்தனர்? வாலுள்ளவனுக்கு வசதியாக, வாலறுத்தவனுக்குத் தண்டனையாக! சமத்துவம் வேண்டிச் சாதிப்பெயரைத் துறந்த மக்களிடம், பெயரின் பின்பாதி எங்கே என்று அதட்டிக் கேட்கும் அட்டையை அறிவியல் என்று போற்றுவதா?

ஆசிரியர் நிலை மட்டும் உயர்வா? மருத்துவக் கல்லூரிகளிலே பேராசிரியர்கள் ஆதார் வழியே இயந்திரத்தின் முன்னே வருகையைப் பதிய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. போலிப் பேராசிரியரைக் காட்டி ஏமாற்றும் கல்லூரிகள் உண்டு; அவற்றைப் பிடிக்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் வந்தார் என்பதை அளக்கலாம். கற்பித்தார் என்பதை எந்த இயந்திரம் அளக்கும்? இனி, அதே வளாகத்திலே விடியுமுன் வந்து தரை துடைக்கும் அம்மையாரைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் ஆள் என்பதால் அவருக்குத் தனி நிறப் பட்டை, தனி வகை அட்டை. நூலகத்தைத் துடைக்கலாம்; அந்த அட்டையைக் காட்டி ஒரு நூலை எடுக்க முடியுமா? ஒரே கூரையின்கீழ் உழைப்போரை நிறத்தாலே பிரித்திடும் பட்டையைக் காணும்போது, வார்சா நகரத்து முத்திரை நம் நினைவுக்கு வருமா, வாராதா?

"குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு?" இது கடைசி அம்பு. கண்காணிப்போர் எல்லாரும் எக்காலத்தும் எய்த அம்பு. தென்னாப்பிரிக்காவிலே டிரான்ஸ்வால் அரசு ஆசியர்களைப் பார்த்து, கைரேகை கொடு, பதிவுச் சான்று வைத்திரு என்றபோதும் இதைத்தான் சொன்னது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகானஸ்பர்க்கிலே காந்தியார் தலைமையிலே திரண்டு, அந்தச் சான்றுகளை ஆயிரக்கணக்கிலே தீயிலிட்டனர். அவர்கள் குற்றவாளிகளா? அந்த அறப்போரிலே சிறை புகுந்து, நோயுற்று, 1914-இலே உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை குற்றவாளியா? அதே நாட்டிலே கறுப்பின மக்களைக் கட்டிவைத்த அனுமதி ஏட்டை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லிலே திரண்டவர்களிலே 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனரே, அவர்கள் செய்த குற்றம் என்ன? குற்றமற்றவன் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்பவர், குற்றம் எது என்று முடிவு செய்யும் உரிமையைத் தம் பைக்குள்ளே வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்!

ஆகவே நாம் கேட்பது இவை. அட்டையிலே பெயர், படம், கழகத்தின் பெயர், கழகம் தனக்கென வகுத்த எண், இவை போதும். ஆதார் எண்ணோ, தேர்விலே பெற்ற இடமோ, எந்த ஒதுக்கீடு என்பதோ கண்ணுக்குத் தெரியும்படியாகவும் கூடாது, குறியீட்டுக்குள்ளே மறைவாகவும் கூடாது. பெயர், உரியவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. கதவு திறந்ததும் அந்தப் பதிவின் வேலை முடிந்தது. சில நாளுக்குள் அழித்துவிட வேண்டும். பதிவை எவர் கேட்டார், எவருக்குக் கொடுத்தோம் என்பதை மாணவனுக்கு எழுத்திலே தெரிவிக்க வேண்டும். பெண்கள் விடுதிக்கு ஒரு நேரம், ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம் என்பது ஒழிய வேண்டும். அட்டை தொலைந்தவனுக்கும், பெயர் பொருந்தாதவனுக்கும் சோறும் தேர்வும் உதவித்தொகையும் நிற்கக்கூடாது. பிழையைத் திருத்தும் பொறுப்பு அலுவலகத்துக்கே உரியது. வளாகத்திலே உழைப்போர் அனைவருக்கும் ஒரே அட்டை. துணைவேந்தருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே நிறம்! எந்த அட்டை வாங்குவது, அதிலே என்ன வைப்பது என்று முடிவு செய்யும் அவையிலே அதை அணியப் போகும் மாணவரும் ஊழியரும் அமர வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லும் கோரிக்கைகளா? இவற்றுக்குப் பெரும் பொருட்செலவுண்டா? பொருளே வேண்டியதில்லை; மனம் வேண்டும். மாணவனை ஐயத்துக்குரியவனாகப் பார்க்காமல் அறிவுத்தேட்டத்திலே உடன்வரும் தோழனாகப் பார்க்கும் மனம் வேண்டும்.

மாணவத் தோழர்களே! உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலே என்ன எழுதியிருக்கிறது? எழுதாமல் என்ன மறைந்திருக்கிறது? அதைத் தொடும்போதெல்லாம் எங்கே, எதைப் பதிகிறார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இதைக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் சினப்பர், சினக்கட்டும். கேள்வி கேட்பவனை உருவாக்கத்தானே பல்கலைக்கழகம்!

மழைக்காட்டிலே நடப்போர் அறிவர்: அட்டையைப் பிடுங்கி எறியப் பதற வேண்டியதில்லை, உப்பை இட்டால் அதுவே உதிரும். சுரண்டும் அட்டைக்கு உப்பு எதுவோ, கண்காணிக்கும் அட்டைக்குக் கேள்வி அதுவே. கேளுங்கள்! ஒருவர் கேட்டால் குறும்பு என்பர். நூறு பேர் கேட்டால் கோரிக்கை என்பர். வளாகமே கேட்டால் விதி மாறும். கேடயமாகப் பிறந்தது கேடயமாகவே திரும்பட்டும்!